அம்மிணியின் முதல் முடி

லாரிக்குத் தலைமுடி முளைத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அன்றைக்கு எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய சமாச்சாரங்கள் இரண்டு இருந்தன. வெகுநாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. லாரி ஸ்டாண்டு பரோட்டாக் கடைக்காரர் சால்னாவில் தேங்காயைக் குறைத்துவிட்டார் என்று கடை முன்னால் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. ஆகவே செங்கோடன் ஓட்டும் கம்பெனி லாரியின் கேபின் கூரையில், முன்கண்ணாடிக்குச் சற்று மேலே, பிறந்த குழந்தையின் உச்சியில் இருப்பது போலப் பூனைமுடி படர்ந்திருப்பதை நாங்கள் மத்தியானம்தான் கவனித்தோம். கவனித்துவிட்டு, சரி, முளைக்கட்டும் என்று சாப்பிடப் போனோம்.

எங்கள் ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு டிரைவர் உண்டு. டிரைவர் இல்லாத வீட்டில் பஞ்சர் ஒட்டுகிறவரோ பாடி கட்டுகிறவரோ தார்ப்பாய் தைக்கிறவரோ இருப்பார். யாருமே இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஊரில் இருக்கிற பெரிய கம்பெனிக்கு நாற்பது சொச்சம் லாரிகள். புதிதாக வந்து நிற்கும்போது எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே எழுத்து, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஆனால் சாவி ஒருத்தர் கைக்கு வந்துவிட்டால், முதல் அமாவாசைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்து, அடுத்த அமாவாசைக்குள் பம்பருக்குக் கறுப்புக் கயிறு கட்டி, கண்ணாடிக்கு மேலே பிளாஸ்டிக் சாமந்தி மாலை போட்டு, இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம் தொங்கவிட்டு, பின்கதவில் நாக்கை நீட்டிய பூதத்தின் மூஞ்சியை வரைந்து, அதற்குக் கீழே ஒற்றைச் செருப்பைக் கட்டி, கேபினுக்குள்ளே மூன்று மதத்துச் சாமிகளையும் ஒரே சீரியல் பல்பு மாலைக்குள் குடிவைத்து, பெண்டாட்டி திட்டத் திட்ட வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றி வந்து மாட்டி, கடைசியில் பிள்ளைகளின் பெயரை வண்டியின் நெற்றியில் எழுதி முடிக்கும்போது, அது கம்பெனி வண்டி என்பதை ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரத்துக்கு ஒருவர் வண்டியில் இன்னொருவர் ஏறி உட்கார்ந்தால் அடுத்தவர் வேட்டியைக் கட்டிக்கொண்ட மாதிரி கூச்சமாக இருக்கும்.

செங்கோடனுக்கும் அவர் மனைவி பாவாயிக்கும் பிள்ளை இல்லை. பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் அவர் ‘அம்மிணி’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் பெண் குழந்தைகளைச் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான். யாராவது கேட்டால், “வண்டி பேருங்க” என்று சொல்லிவிட்டு டயரைப் பார்க்கக் குனிந்துகொள்வார்.

முடி முளைத்ததற்குக் காரணத்தைக் கண்டுபிடித்தது பாவாயி. அதற்கு அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்தான் ஆனது. போன மாதம் பெங்களூரிலிருந்து லோடு ஏற்றி வரும்போது தொப்பூர் இறக்கத்தில் ஏர் பிரேக்கில் காற்று இறங்கிப் பிடிக்காமல் போய், செங்கோடன் செம்பாறைமலை முருகனைக் கூவிக் கூப்பிட்டு, லாரி சாலையோரத்து மண்மேட்டில் ஏறிச் சாதுவாக நின்றது ஊருக்கே தெரியும். மறுவாரமே அவர் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்ததும் தெரியும்.

“ஏனுங், அன்னைக்கு என்னன்னு வேண்டுனீங்க? சொன்னத அப்பிடியே சொல்லுங்க பாக்கலாம்” என்றாள் பாவாயி.

செங்கோடன் கண்ணை மூடி யோசித்துச் சொன்னார். “முருகா, எங்க ரெண்டு பேத்தையும் காப்பாத்திக் குடுத்துரு, நாங்க ரெண்டு பேரும் உனக்கு மொட்டை போட்டுக்கறோம்னு வேண்டுனேன்.”

“வண்டீல கூட ஆரு இருந்தாங்க?”

“ஆரும் இல்லையே. நானும் அம்மிணியுந்தான்.”

பாவாயி டம்ளரைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், விஷயம் விளங்கிவிட்டது. நேர்ந்துகொண்டது இரண்டு தலை, கொடுத்தது ஒரு தலை. மீதித் தலையில் முடி இல்லாவிட்டால் சாமி எதை வாங்கிக்கொள்வார்? அதனால் அவரே முளைக்க வைத்திருக்கிறார். பரோட்டாக் கடையில் இதைச் சொன்னபோது எல்லோரும் நியாயம்தானே என்றார்கள். செங்கோடன் வாயைக் கொடுத்து வண்டியை மாட்டிவிட்டார் என்று கொஞ்சநாள் கேலி பேசினார்கள்.

உடனே மலைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முளைத்த மறுநாளே வழித்தால் அது முடியிறக்கா, சவரமா? கொஞ்சம் வளரட்டும் என்றார் செங்கோடன். அது வளர்ந்தது. சித்திரையில் நெற்றியை மறைத்தது, வைகாசியில் கேபினைத் தாண்டியது, ஆனியில் தார்ப்பாய்மேல் படுத்துக்கொண்டு வந்தது. கறுகறுவென்று, நெளிநெளியாக, தொட்டால் கைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும் முடி. செங்கோடன் தலையில் மொட்டைக்குப் பிறகு நாலு மயிர்தான் எட்டிப் பார்த்தது. அவருக்கு வர வேண்டியதும் சேர்ந்து அம்மிணிக்குப் போய்விட்டது என்று பேசிக்கொண்டோம்.

இருபது டன் ஜவ்வரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு போகலாமா? ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். வெல்டிங் பட்டறையில் ஜன்னல் கம்பியை வளைத்து ஒரு சீப்பு செய்து கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் லோடு இல்லாமல் அம்மிணி ஊரில் இருந்தால், பெண்கள் ஏணி போட்டு ஏறி, நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டு அலசி, தகரத் தட்டில் சாம்பிராணி புகை காட்டி, முடியை மூன்றாக வகிர்ந்து, கேபினில் ஒருத்தி பாடியில் இரண்டு பேர் டயர்மேல் ஒருத்தி என்று நின்றுகொண்டு, ஊர் வம்பையெல்லாம் சேர்த்துப் பின்னி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். ஒருமுறை சாம்பிராணிப் புகையைத் தூரத்தில் பார்த்துவிட்டு யாரோ போன் செய்து தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. வந்தவர்கள் விவரம் கேட்டார்கள். வந்தது வீணாகப் போவானேன் என்று குழாயைப் பிடித்து இன்னொருமுறை நன்றாக அலசிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வெளியூரிலும் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. சாலையில் இருக்கிறவர்கள் எதையெல்லாமோ பார்த்தவர்கள். நெல்லூர்ப் பக்கம் ஒரு தாபாக்காரம்மா சடை நிறையக் கனகாம்பரம் வைத்து அனுப்பினாள். ஒரு செக்போஸ்ட் போலீஸ்காரர் மட்டும் மறித்துவிட்டுத் திண்டாடினார். வெளியே தொங்குகிற சரக்கு என்று எழுதலாம் என்றால் இது சரக்கு இல்லை, வண்டியோடு வளர்ந்தது; வண்டியின் பாகம் என்று எழுதலாம் என்றால் எந்த வண்டிக்கும் அந்தப் பாகம் இல்லை. கடைசியில், “பின்னாடி வர்றவன் கண்ணாடியில அடிக்குதுய்யா, கொண்டையாவது போட்டு எடுத்துட்டுப் போ” என்றார். செங்கோடனுக்குக் கொண்டை போடத் தெரியாது. போலீஸ்காரரே ஏறிப் போட்டுவிட்டார். அவருக்கு வீட்டில் மூன்று பெண் பிள்ளைகளாம்.

மற்ற டிரைவர்கள் பொறாமையில் வெந்தார்கள். அதுவரை குஞ்சத்துக்கும் மாலைக்கும் பெயர் வாங்கியிருந்தவர்கள் அவர்கள். இரண்டு பேர் ரகசியமாகக் கேபின் கூரைக்குக் கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்தார்கள். புழுதி ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். நாசர் என்று ஒரு டிரைவர், அவரும் நல்ல மனிதர்தான், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டயருக்குக் கட்டை வைத்து, சமதரையில் நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, “ஐயோ, எங்க ரெண்டு பேத்தையும் காப்பாத்து” என்று கத்திப் பார்த்தார். அதற்கெல்லாம் ஏமாறுகிற முருகன் எங்கள் பக்கத்தில் இல்லை.

செங்கோடனுக்குப் பெருமை பிடிபடவில்லை. போகிற இடமெல்லாம் அம்மிணியின் தகப்பன் என்றே அவரைத் தெரிந்தது. யாராவது சடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னண்ணே தேய்க்கறீங்க?” என்று கேட்டால் அன்று முழுக்க அவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். அதனால் நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். ஆடியில் வேண்டாம் என்றார். ஆவணியில் லோடு நெருக்கடி என்றார். புரட்டாசி முருகனுக்கு உகந்த மாதமில்லை என்று தானே ஒரு சாஸ்திரம் சொன்னார். ஐப்பசியில் மழை, மொட்டைத் தலையில் சளி பிடிக்கும் என்றார். பாவாயி ஒவ்வொரு தடவையும், “சாமிகிட்ட விளையாடாதீங்க” என்று சொல்லிவிட்டு, கையோடு போய்ப் பின்னலுக்கு ரிப்பன் வாங்கி வந்தாள்.

கார்த்திகையில் தயாளன் வந்தார்.

தயாளன் கம்பெனியின் புது மேனேஜர். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும், எப்போதும் சட்டையை உள்ளே விட்டிருப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. டிரைவர்கள் தங்கும் அறையில் மின்விசிறி போட்டவர் அவர்தான். ஆனால் அவர் கையில் ஒரு கட்டளை இருந்தது. ஒரு பெரிய கம்பெனி தன்னுடைய சரக்கு முழுவதையும் நம் லாரிகளில் ஏற்றப் போகிறது. லாரிகளைப் பார்வையிட அவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். எல்லா லாரியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மாலை, குஞ்சம், படம், பெயர் எதுவும் கூடாது. இனிமேல் இந்த வண்டிக்கு இந்த டிரைவர் என்பதும் கிடையாது. முறை வைத்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

அன்று யார்டில் நடந்ததைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு ஏணியில் ஏறிக் குஞ்சத்தை அவிழ்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், சீரியல் பல்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். நாசர் தன் மகளின் பெயரைத் தின்னர் ஊற்றித் துடைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லி, பெயருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கல்யாண மண்டபத்தில் மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்துப்போட்ட மாதிரி யார்டு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் குப்பை கிடந்தது. அம்மிணியின் நெற்றியிலிருந்தும் பெயர் போயிற்று. சடை மட்டும் இருந்தது.

தயாளன் யார்டு ஆட்களைக் கூப்பிட்டு, “இதையும் வெட்டிடுங்க” என்றார்.

யாரும் அசையவில்லை. “முதல் முடிங்க சார். சாமி வாங்கறதுக்கு முன்னாடி கத்தி வெச்சா கை விளங்காதுங்க” என்றார்கள்.

தயாளனுக்குக் கோபம் வந்தது. கடைக்கு ஆளனுப்பிப் புதுக் கத்திரிக்கோல் ஒன்று வாங்கிவரச் சொல்லி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தானே ஏணியில் ஏறினார். ஏறி, சடையை இடது கையால் பிடித்தார். அது இளஞ்சூடாக இருந்தது. சாம்பிராணி வாசம் வந்தது. வெள்ளிக்கிழமை வைத்த பூ ஒன்று அவர் மணிக்கட்டில் உதிர்ந்தது. பிறகு இறங்கி வந்து, கத்திரிக்கோல் மொண்ணையாக இருக்கிறது என்றார்.

“செங்கோடண்ணே,” என்றார் குரலைத் தாழ்த்தி, “நீங்களே பாத்து எங்கயாவது எடுத்துடுங்க. திங்கட்கிழமை இது இருந்தா, வண்டிய உங்ககிட்டேருந்து எடுத்துடச் சொல்லி உத்தரவு. நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

செங்கோடன் சடையையே பார்த்துக்கொண்டிருந்தார். “முடி இருந்தா வண்டியப் புடுங்கிக்குவீங்க. முடிய எடுத்துட்டா நாப்பதுல ஒண்ணா நிக்கும். அப்பறம் முறை வெச்சு ஆரு கைல வேணா குடுப்பீங்க. எது என்ற அம்மிணின்னு எனக்கே தெரியாமப் போயிரும். எப்பிடிப் பாத்தாலும் எனக்கு அவ இல்லீங்க சார்.”

“முறை வைக்கிற ரூல் நான் போட்டதில்லைண்ணே.”

“உங்களச் சொல்லலீங்க” என்றார் செங்கோடன். சொல்லிவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தொப்பூர் இறக்கத்தில் அழாத மனிதர்.

வீட்டில் பாவாயிதான் முடிவு சொன்னாள். “அவங்க புடுங்கறதும் குடுக்கறதும் அப்பறம். நாம சாமிக்கு நேந்தது நேந்ததுதான். இன்னும் எத்தன மாசந்தான் சாக்குச் சொல்லுவீங்க? ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம். என்ற கையால கடைசியா ஒருக்கா தலவாரி விட்டுர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி ஊர் லாரியின் பின்னால் ஏறிக்கொண்டது. கட்டுச்சோறு, தேங்காய் பழம், மேளத்துக்கு இரண்டு பேர், எதற்கென்று தெரியாமல் ஒரு ஆட்டுக்குட்டி. தயாளனும் வந்தார். முடி எடுத்ததைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லித் தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. கேபினில் பாவாயிக்குப் பக்கத்தில் மடியில் போனை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்து வந்தார். சுரைக்காய்ப் பொரியலும் புளிச்சோறும் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார்.

செம்பாறைமலை அடிவாரத்தில் முடி எடுக்கிற கொட்டகைக்கு முன்னால் பெரிய புளியமரம் இருக்கிறது. லாரி அதன் நிழலில் போய் நின்றது. முடி எடுக்கிறவர் பெயர் ஆறுமுகம். கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே அம்மிணியை மேலும் கீழும் பார்த்தார்.

“முதல் முடியா?”

“ஆமாங்க.”

“தாய்மாமன் எங்கீங்க? மடியில வெச்சாத்தான் கத்தி வெப்பேன்.”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆட்டுக்குட்டியைக்கூட நினைவாக ஏற்றி வந்தோம், இதை யோசிக்கவில்லை. முதல் முடி தாய்மாமன் மடியில்தான் இறக்க வேண்டும். அது மாறினால் குழந்தைக்கு ஆகாது. பாவாயிக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது; பங்காளி முறையில் யாரையாவது உட்கார வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஆறுமுகம் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“அந்தம்மாளுக்கு அண்ணன் தம்பி இருந்தாலும் செல்லாதுங்க. அந்தம்மா வளத்தவங்க. பெத்தது ஆரு?”

“பெத்தது...” என்று இழுத்தார் செங்கோடன். “கம்பெனீங்க.”

“அப்ப கம்பெனிக்குக் கூடப் பொறந்தவர் ஆரு இருக்காங்க?”

நாங்கள் அத்தனை பேரும் திரும்பித் தயாளனைப் பார்த்தோம். அவர் அப்போதுதான் போனை நிமிர்த்திப் படம் எடுக்க நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தார்.

“நானா? நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க” என்றார்.

“கம்பெனி சொன்னா கேக்கறீங்க. கம்பெனிக்கு ஒண்ணுன்னா ஓடறீங்க. சீர் சுமக்கற தம்பியும் அதத்தானே பண்றான்?” என்றார் ஆறுமுகம்.

“இல்லீங்க, எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு அக்கா தங்கச்சி யாரும் கிடையாது. வீட்ல நான் ஒத்தைப் பிள்ளை. என்னை யாரும் மாமான்னு கூப்பிட்டதே இல்லை.”

“இனிக் கூப்புடட்டும். உக்காருங்க தம்பி, வெயில் ஏறுது” என்றாள் பாவாயி. அதுவரை அவள் அவரைச் சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து லாரிக்கு எதிரே போட்டார்கள். தயாளனை உட்காரவைத்து, தோளில் துண்டு போட்டு, நெற்றியில் திருநீறு பூசினார்கள். இனி அம்மிணியை அவர் மடியில் வைக்க வேண்டும். குழந்தையைத் தூக்கி வைக்கலாம். பத்துச் சக்கர லாரியை எப்படி வைப்பது? செங்கோடன் கேபினில் ஏறினார். எஞ்சினைப் போட்டார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அத்தனை டன் இரும்பு, கட்டிலில் தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு இழுக்கிற மாதிரி, அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்தது. தயாளன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பம்பர் வந்து அவர் மடியின் விளிம்பில், சட்டை கசங்காமல், பதிந்து நின்றது. அந்த மாதிரி வண்டி ஓட்டுகிறவரை அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை.

ஆறுமுகம் ஏணியில் ஏறினார். கத்தி பளபளத்தது. அப்போதுதான் தயாளனுக்குத் தன் மடியில் அது தெரிந்திருக்க வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் பம்பர் நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நடுக்கமில்லை, கத்தியைப் பார்த்த குழந்தை நடுங்குகிற நடுக்கம். அவர் கண்ணைத் திறந்தார். போன் கையிலிருந்து புழுதியில் விழுந்தது, எடுக்கவில்லை. இரண்டு கையாலும் பம்பரைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“பயப்படாத,” என்றார் மெதுவாக. “பயப்படாத அம்மிணி. மாமா புடிச்சிருக்கேன்.”

மேளம் கொட்டியது. கத்தி நெற்றியில் பட்டதும் ஹாரன் யாரும் தொடாமலே ஒருமுறை வீறிட்டது. அப்புறம் விட்டு விட்டு விம்மியது. செங்கோடன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தபடி, “ஆச்சு கண்ணு, ஆச்சு, இன்னும் கொஞ்சந்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முடி சுருள் சுருளாகத் தயாளன் மடியிலும் தோளிலும் விழுந்து, நாற்காலியை மூடி, புளியமரத்து வேர்வரை போய்க் குவிந்தது. பெண்கள் அதைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போய்ச் சாமியிடம் சேர்த்தார்கள். பாவாயி கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு ஏறி, வழித்த கூரையில் ஓரம் விடாமல் பூசினாள்.

“தாய்மாமன் புதுத்துணி எடுத்துக் குடுக்கணுமுங்க” என்றார் ஆறுமுகம் இறங்கிக்கொண்டே. தயாளன் உடனே எழுந்து, சட்டையெல்லாம் முடியாக, அடிவாரத்துக் கடைத்தெருவுக்கு நடந்தார். நல்ல மயில்பச்சையில் ஒரு தார்ப்பாய் வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்தார். லாரிக்கு வேறு எதைப் போர்த்துவது? கட்டும்போது முடிச்சு அவருக்குச் சரியாக வரவில்லை. நாசர் சொல்லிக்கொடுத்தார்.

தலைமை அலுவலகத்துக்குப் படம் போகவில்லை. மாமா போனை எடுக்கவே மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை. யார்டில் நாற்பது சொச்சம் லாரிகளும் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. டிரைவர்கள் எதிர்ப்பக்கம் வரிசையாக நின்றார்கள். அன்றுதான் யார் யாருக்கு எந்த வண்டி என்று மாற்றி அறிவிக்கப் போகிறார்கள். செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பாவாயி வேலிக்கு வெளியே எங்களோடு நின்றாள். முறை மாற்றி அழைக்கிற சத்தம் கேட்டால் போய்விடுவேன் என்று சொன்னாள், ஆனால் வேலிக்கம்பியை விடவில்லை.

பெரிய கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடி, குதிகால் உயர்ந்த செருப்பு. தயாளன் அவர் பக்கத்தில் பவ்வியமாக நடந்தார். ஒவ்வொரு லாரியாகப் பார்த்து, சரி, சரி என்று தலையசைத்துக்கொண்டே வந்த அந்த அம்மா, ஒரு லாரிக்கு முன்னால் நின்றார். அண்ணாந்து பார்த்தார். கூரையெல்லாம் காய்ந்த மஞ்சள் பூச்சு.

“எல்லாம் ஒரே கலர்னு சொன்னீங்களே. இது என்ன?”

தயாளன் சட்டையைச் சரிசெய்துகொண்டார். டயரின் காற்றளவைச் சொல்கிற அதே ஆபீஸ் குரலில் சொன்னார்.

“சந்தனம் மேடம். நேத்து மொட்டை போட்டோம். ரெண்டு மூணு நாளைக்கு வெயில் படக் கூடாதாம்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். “முதல் மொட்டையா?”

“ஆமாங்க மேடம். எங்க மருமக.”

“டிரைவர் யாரு? எல்லாருக்கும் ரொட்டேஷன்தானே?”

தயாளன் எதிர்வரிசையைப் பார்த்தார். செங்கோடன் தலையை நிமிர்த்தியிருந்தார்.

“இவளுக்கு மட்டும் இல்லீங்க மேடம். அவங்க அப்பாதான் ஓட்டுவார். வேற யார்கிட்டயும் போக மாட்டா.”

அந்த அம்மா அருகில் போய் முன்கண்ணாடியை விரலால் ஒருமுறை தொட்டார். பிறகு கைப்பையைத் திறந்து, உள்ளே துழாவி, ஒரு புது ரூபாய் நோட்டை எடுத்து, கண்ணாடி வைப்பரில் செருகிவிட்டு, அடுத்த லாரியைப் பார்க்கப் போனார்.